மஞ்சள் விளக்கும் கோளாறு எண்ணும்
பழைய வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஓர் அனுபவக் கட்டுரை

மளிகைக்காரனுக்கு மோட்டார் மெக்கானிக் வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கடை வாசலில் நிற்கும் வண்டியும் நம் கல்லாவோடு சேர்ந்த பொருள்தானே! அது ஒரு நாள் படுத்துவிட்டால் கொள்முதலுக்கு வாடகை வண்டி பிடிக்கிறோம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சரக்கு தாமதமானால் வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போன் செய்கிறார். நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது புது வண்டியும் அல்ல. பத்து, பதினைந்து வருடம் உழைத்த ஆம்னி, பழைய வேகன் ஆர், சான்ட்ரோ என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை அடுக்குகிறோம். (இது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் காதில் விழ வேண்டாம்.)

இந்த வண்டிகளின் மீட்டர் பலகையில் என்ஜின் வடிவத்தில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் என்ஜினைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு குறையைக் கண்டு, அதற்குரிய எண்ணைத் தன் நினைவில் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்த எண்ணைத்தான் கோளாறு எண் என்கிறோம்.

என் கடை ஆம்னி 2012-இல் சென்னையில் வாங்கியது. 2021-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அதில் இந்த விளக்கு எரியத் தொடங்கியது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரவில் கண்ணை உறுத்துகிறது என்று, விலை ஒட்டும் லேபிள் ஒன்றை எடுத்து நானே அதன்மேல் ஒட்டினேன். அதனால் எனக்கு ஏற்பட்ட பண நட்டத்தையும், அதைவிடப் பெரிய தலைகுனிவையும் சொன்னால் மற்ற உறுப்பினர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் கணக்கு இடித்தது

லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி, புரட்டாசியில் ஒன்பதுக்கு வந்துவிட்டது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டுத் தாண்டிய வருடம் அது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். வண்டியை ஓட்டிய தம்பி எட்டு வருடமாக என்னிடம் இருந்தவர். வசூல் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்தது இல்லை. ஆனாலும் கணக்கு இடிக்கும்போது வியாபாரியின் புத்தி முதலில் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு நாள் இரவு கடை எடுத்து வைக்கும் நேரத்தில், "தம்பி, பெட்ரோல் கணக்கு இடிக்குதே?" என்றேன்.

"அந்த மஞ்ச லைட்டு எரிய ஆரம்பிச்சதுல இருந்துதான் அண்ணாச்சி இப்படி. வண்டியைக் காட்டுங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்" என்றார்.

"ஏன், லைட்டா பெட்ரோல் குடிக்குது?" என்று கேட்டுவிட்டேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் சாவியைக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். தீபாவளிக்கு இருபது நாள்கூட இல்லை.

வேறு வழியில்லாமல் வண்டியை ஒரு பட்டறைக்கு விட்டேன். ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். திரையில் பி 0134 என்று வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார்கள். மாற்றினார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பில். விளக்கு அணைந்தது. நான்காம் நாள் மறுபடி எரிந்தது. இரண்டாவது பட்டறையில், முதலில் போட்டது டூப்ளிகேட் என்று சொல்லி இன்னொரு சென்சார் மாட்டினார்கள். அதற்கு முன்னதைவிடக் கூடுதல் பில். ஒரு வாரம் கழித்து அதே விளக்கு, அதே எண். மூன்றாவது இடத்தில் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இரண்டு மாதக் கடை வாடகை கட்டலாம்.

எண் சொல்வது என்ன, சொல்லாதது என்ன

பட்டறைகளைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியாததால்தான் இரண்டு முறை ஏமாந்தேன். நம் பாஷையிலேயே சொல்கிறேன். மாதக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கிறோம். துவரம் பருப்பு மூன்று கிலோ குறைகிறது. சிட்டையில் "து.பருப்பு, 3 கிலோ குறைவு" என்று எழுதுகிறோம். அந்தச் சிட்டை சொல்வது அவ்வளவுதான். வந்த மூட்டையிலேயே எடை குறைவா, தராசு பிசகா, எலியா, கைமறதியாகக் கணக்கில் ஏற்றாத விற்பனையா, யாராவது எடுத்தார்களா என்பதைச் சிட்டை சொல்லாது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோளாறு எண்ணும் அப்படிப்பட்ட சிட்டைதான். பி 0134 என்ற எண்ணின் சரியான பொருள், "ஆக்சிஜன் சென்சார் பாதையில் அசைவு எதுவும் தெரியவில்லை" என்பது. சென்சார் கெட்டுவிட்டது என்பது அல்ல. பாதை என்றால் சென்சார், அதன் ஒயர்கள், கனெக்டர், எர்த், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது. குறை இதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

"லைட்டா பெட்ரோல் குடிக்குது" என்று நான் கேட்டதற்கும் பதில் உண்டு. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கு எடை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்சிஜன் சென்சார் புகைக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, எரிந்த புகையில் மீதி ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறது. பெட்ரோல் அதிகமானால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று அதிகமானால் 0.1 வோல்ட் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதைக் கேட்டுக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. நல்ல என்ஜினில் இந்த வோல்ட் தராசு முள்ளைப் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி வராமல் போனால் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு அளக்க வேண்டியதுதான். என்ஜினுக்குக் கேடு வரக்கூடாது என்று பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே அளக்கும். என் பெட்ரோல் போனது அந்த வழியில்தான்.

இந்த எண்கள் எப்படி வந்தன

கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்குரூவைத் திருப்பினால் போதும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இன்ஜெக்‌ஷனும் கம்ப்யூட்டரும் வந்தன. முதலில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்துக்கொண்டது. சுசுகி வழியில் வந்த பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் சிலவற்றில் ஸ்கேனரே தேவையில்லை. உரிய இரண்டு முனைகளை ஒரு ஒயரால் இணைத்தால் மஞ்சள் விளக்கே எண்ணைக் கண் சிமிட்டிச் சொல்லும். ஒரு சிமிட்டல், சிறிது இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல் என்றால் 12. குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பழைய மெக்கானிக்குகள் இதைக் கேட்டால் இன்றும் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள்.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் பொதுவான எண்களும், பதினாறு முனை கொண்ட ஒரே வகைக் கனெக்டரும் கட்டாயமாயின. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெரு நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது வண்டியிலேயே கோளாறு கண்டறியும் முறையின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6. ஆகவே 2010-க்குப் பிந்திய வண்டி என்றால் பெரும்பாலும் பொதுவான எண்களே கிடைக்கும். அதற்கு முந்தியவற்றில் பதினாறு முனைக் கனெக்டர் இருந்தாலும் கம்பெனியின் சொந்தக் கருவியோடு மட்டும் பேசுகிற வண்டிகள் உண்டு. கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காகக் கடையில் விற்கிற எந்தக் கருவியும் அதைப் படித்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

எண்ணின் அமைப்பு நம் பேரேட்டுப் பக்க எண்ணைப் போலத்தான். என்ஜின், கியர் சம்பந்தப்பட்ட எண்கள் பவர்டிரெயின் என்ற சொல்லின் முதலெழுத்தான பி-யில் தொடங்கும். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 என்றால் பொதுவாக அந்தக் கம்பெனியின் சொந்த எண். அதை அந்தக் கம்பெனியின் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது இடத்தில் 1 இருந்தால் காற்று, பெட்ரோல் கணக்கு. 3 இருந்தால் தீப்பொறி. 4 இருந்தால் புகைக் கட்டுப்பாட்டுத் துணைக் கருவிகள். 5 இருந்தால் வேகமும் ஐடிலிங்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பான குறையைச் சொல்லும்.

அடிக்கடி வரும் சில எண்கள்

பி 0300 வரிசை என்றால் சிலிண்டரில் பொறி சரியாகப் பிடிக்கவில்லை, மெக்கானிக் பாஷையில் மிஸ் அடிக்கிறது. 0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 இரண்டாவது. ஆம்னிக்கு மூன்றே சிலிண்டர் என்பதால் 0303-உடன் முடிந்தது. 0300 என்றே வந்தால் குறிப்பிட்ட ஒன்றில் என்றில்லாமல் மாறி மாறி மிஸ் அடிக்கிறது. இதில் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முதலாவதில் போட்டு, அதிலிருந்ததை இதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். எண் 0302-இலிருந்து 0301-க்கு மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்குக்குச் செலவழிக்க வேண்டாம். காயில், ஒயர், இன்ஜெக்டர் என்று மேலே போகலாம்.

இந்த வரிசையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் ஓடும்போது விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது பாரத்தோடு விரட்டிப் போகக் கூடாது. ஓரம் கட்டுவதே நல்லது. நிலையாக எரியும் விளக்கென்றால், வண்டியின் ஓட்டத்தில் வேறு மாறுதல் இல்லாதவரை, அன்றைய லோடை முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போகலாம். வெப்ப முள் ஏறினாலோ, சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தாலோ அது வேறு சமாசாரம். அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

பி 0171 என்றால் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. இதற்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லுவார்கள். உண்மையில் அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் பெரும்பாலும் இந்த எண்ணே வருகிறது! சேதி கொண்டுவந்தவனை அடிப்பது போன்றது இது. ஸ்கேனரில் எண் மட்டும் அல்லாமல் "ஃபியூவல் டிரிம்" என்ற ஒரு சதவீதமும் தெரியும். வழக்கமான அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டிக் கொடுக்கிறேன் என்று கம்ப்யூட்டர் எழுதும் கணக்கு அது. சதவீதக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஐடிலிங்கில் 20, 25 என்று ஏறி, 2,500 சுற்றுக்கு முடுக்கினால் அது இறங்கிவிடுகிறது என்றால், எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்றை இழுக்கிறது. கதவு இடுக்கு வழியாக வரும் காற்று சின்ன அறையில் தெரியும், பெரிய மண்டபத்தில் தெரியாது என்பது போல. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது சதவீதம் கூடினால், பெட்ரோல் பம்போ ஃபில்டரோ தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு வரி விவரம் தெரிந்திருந்தால் பட்டறையில் நம் பேச்சுக்கே ஒரு மதிப்பு வரும். நம் ஊர் வெயிலில் பத்து வருடத்து ரப்பர் ஹோஸ் அப்பளம் போல ஆகிவிடுகிறது. அதன் விலையும் மிகக் குறைவுதான். ஆனால் யாரும் முதலில் அதைப் பார்ப்பதில்லை.

கேஸ் கிட் போட்ட வண்டிகளில் இந்தக் கலவை எண்கள் அதிகம் வரும். பெட்ரோலில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, எண் திரும்ப வரவில்லை என்றால் கிட்டைச் சரிபார்க்க வேண்டும்.

பி 0118 என்ற எண் வேடிக்கையானது. கூலண்ட் வெப்பச் சென்சார் பாதை அறுந்திருந்தால் இது வரும். அப்போது ஸ்கேனரில் என்ஜினின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சித்திரை வெயிலில் சென்னையில் நிற்கும் வண்டிக்கு மைனஸ் 40! இதற்கும் எளிய சோதனை உண்டு. இரண்டு ஒயர் மட்டும் உள்ள அந்தச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு சிறு ஒயரால் இணைத்தால், திரையில் வெப்பம் நூறைத் தாண்டி எகிற வேண்டும். எகிறினால் ஒயரும் கம்ப்யூட்டரும் நலம், சென்சாரை மாற்றலாம். அசையவே இல்லை என்றால் புதுச் சென்சார் போட்டும் பயன் இல்லை. கனெக்டரை மாற்றி எண்ணிவிடாமல் விவரம் தெரிந்தவரை வைத்துச் செய்வது உத்தமம்.

பி 0335 கிராங்க் சென்சாருக்கானது. சூடானதும் வண்டி நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஆறிவிட்டதால் "ஒரு குறையும் இல்லையே" என்பார்கள். எண் மட்டும் நினைவில் இருக்கும்.

பி 0420 என்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்ற எண். உடனே புதியது வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். புகைக் குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே எண் வரும். மிஸ் அடிப்பதைச் சரிசெய்யாமல் புதியது மாட்டினால் அதுவும் கெடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதை உங்கள் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் சிறிதளவு இருக்கின்றன. ரோடியம் 2021-இல் தங்கத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் விலை போனது. கோணிச் சாக்கைக்கூட எண்ணி விற்கும் நாம் இதைச் சும்மா விட்டுவிட்டு வரலாமா?

அழிப்பதற்கு முன் எழுதுங்கள்

எண்ணைப் படித்ததும் அழித்துவிடுவது பட்டறைகளின் பழக்கம். விளக்கு அணையும், நாமும் பணம் கொடுத்துவிட்டு வருவோம். இது பில் புத்தகத்தின் அடிக்கட்டையைக் கிழித்துப் போடுவது போன்றது. எண் பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை சுற்று ஓடியது என்ற விவரங்களையும் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் சேர்த்தே வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல எண்கள் ஒரே நேரத்தில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஐந்து சென்சார்கள் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். பொதுவான எர்த், பியூஸ், பேட்டரி இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவும், ஓடும்போது 14-ஐ ஒட்டியும் காட்ட வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினாலே பல வண்டிகளில் எண் அழிந்து விளக்கு அணைந்துவிடும். விற்பவர் காலையில் அதைச் செய்திருந்தால் நமக்குத் தெரியாது. இரண்டாம் கட்ட முறை உள்ள வண்டிகளில் ஸ்கேனரை மாட்டினால், கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டும். அப்படியானால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள். இன்னொன்று, சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பையே கழற்றிவிட்டிருக்கலாம். நான் லேபிள் ஒட்டியதற்கு இது பெரியண்ணன்.

குடோன் வாசலில் நின்ற வண்டி

என் வண்டிக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் மாற்ற மனம் வராமல், குரோம்பேட்டைப் பக்கம் மரத்தடியில் வேலை செய்யும் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். அவரிடம் ஒரு மல்டி மீட்டரும் ஒரு சோதனை விளக்கும்தான் இருந்தன. எண்ணைச் சொன்னதும், "என்ன வியாபாரம்?" என்று கேட்டார். மளிகை என்றேன். "ராத்திரி வண்டி எங்கே நிக்குது?" குடோன் வாசலில் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் முன் சீட்டைத் தூக்கினார்.

ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பது நமக்குத் தெரியும். சீட்டில் உட்கார்ந்து நாம் கொறித்த பொட்டுக்கடலையும், சாம்பிள் பொட்டலத்திலிருந்து சிந்திய அரிசியும் அங்கேதான் விழுகின்றன. சூடான என்ஜினும் தீனியும் ஒரே இடத்தில் கிடைத்தால் எலிக்கு வேறென்ன வேண்டும்? நாற்பது நிமிடம் ஒயரை ஒவ்வோர் அங்குலமாகத் தடவிக்கொண்டு போனார். கருப்பு உறைக்குள்ளே சென்சார் சிக்னல் ஒயர் கடிபட்டு, இரண்டு மூன்று செம்பு இழை மட்டும் தொட்டும் தொடாமலும் நின்றது. சென்சார் மாற்றும்போதெல்லாம் ஒயர் அசைந்து சில நாள் தொடர்பு கிடைத்திருக்கிறது. பிறகு குலுங்கிக் குலுங்கி விலகியிருக்கிறது. ஒட்டுப் போட்டு, சால்டர் வைத்து, உறை மாட்டிக் கொடுத்தார். முந்நூறு ரூபாய் கேட்டார்.

மாற்றிய இரண்டு சென்சார்களும் நல்லவை. முதலில் கழற்றிப் போட்டதும் நல்லதாகவே இருந்திருக்கும்.

எலிக்குப் புகையிலை கட்டினேன், பாச்சா உருண்டை போட்டேன். பெரிதாகப் பலன் இல்லை. வண்டியைக் குடோனிலிருந்து தள்ளி நிறுத்துவதும், வாரம் ஒருமுறை சீட்டைத் தூக்கிப் பெருக்குவதும்தான் பலன் தந்தன. கல் உப்பு ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் மூட்டையிலிருந்து கசியும் உப்பு நீர் தரை வழியாக இறங்கி எர்த் ஒயரின் போல்ட்டைத் தின்றுவிடும். பச்சையாகப் பூத்துப்போன எர்த் முனை, இல்லாத பத்துக் கோளாறுகளை இருப்பதாகக் காட்டும். போல்ட்டைக் கழற்றி உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து இறுக்கினால் தீர்ந்தது.

எண் படிக்கும் சிறு கருவிகள் இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. கனெக்டரில் செருகினால் செல்போனில் எண் தெரியும். மலிவானவற்றில் போலிகள் நிறைய. உங்கள் வண்டியிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். இரவில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலு நாள் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கக்கூடும்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குத் தீபாவளிக்கு மறுநாள் போனேன். தண்ணீர் கேன் வண்டி ஓட்டப் போயிருந்தார். வாசலிலேயே காத்திருந்து, கடிபட்ட ஒயர்த் துண்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கையில் வாங்கிப் பார்த்தார். "ரெண்டு தடவை சொன்னேனே அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். பொங்கல் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பினார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. வண்டியில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர், விளக்கு எரிந்தால் அந்த எண், பார்த்த வேலை, ஆன செலவு எல்லாம் அதில் ஏற வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நானும் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். லேபிளை அவரே கிழித்துப் போட்டார்.

அந்த நோட்டில் கடைசியாக ஏறியிருக்கும் எண் பி 0113. உள்ளே போகும் காற்றின் வெப்பச் சென்சார் பாதை. ஏர் ஃபில்டர் மாற்றியவர்கள் கனெக்டரை மாட்ட மறந்திருந்தார்கள். செலவுப் பத்தியில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது.